அளவு ஜாக்கெட்

பெசன்ட் நகரில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இப்போது ஒரு ஜிம் இருக்கிறது. அங்கே பயிற்சியாளராக இருக்கும் நிவேதா போன வாரம் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க ரொம்ப வருஷம் ஏரோபிக்ஸ் மாஸ்டரா இருந்தீங்களாமே! உங்க பிஃபோர் ஃபோட்டோ ஒண்ணு, ஆஃப்டர் ஃபோட்டோ ஒண்ணு குடுங்களேன். எங்க பொண்ணுங்களுக்குக் காட்டணும்."

"பிஃபோர் எத்தனை வேணும் கண்ணு? ஆல்பம் ஆல்பமா இருக்கு. ஆஃப்டர்தான் கடைசி வரைக்கும் வரவே இல்லை" என்றேன்.

சிரித்தாள். பிறகு சோபாவை நிறைத்து உட்கார்ந்திருந்த என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "அப்போ எப்படி ஆன்ட்டி உங்களை..." என்று ஆரம்பித்து, மீதியைக் காப்பியோடு விழுங்கிவிட்டாள். வளர்த்த விதம் அப்படி. அவள் விழுங்கிய அந்தப் பாதிக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மேற்கு மாம்பலத்தில் அப்பா அம்மாவோடு இருந்தேன். வயது இருபத்தேழு. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் தரகர் "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். பூசினாப்ல! சுவருக்குச் சொல்கிற மாதிரி. வந்து பார்த்தவர்களுக்குப் பூச்சு கொஞ்சம் தடிமனாகப் பட்டது போலிருக்கிறது, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையின் அக்காதான் மனதில் இருந்ததைச் சொன்னாள். "எல்லாம் பிடிச்சிருக்கு. ஒரு பத்து கிலோ குறைச்சுட்டா நிச்சயம் பண்ணிடலாம்." கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிவிட்டு நிறுக்கச் சொல்வார்களே, அந்தக் குரல்.

அம்மா மறுநாளே என்னைப் பாண்டி பஜார் பக்கம் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த பெண்கள் உடற்பயிற்சி நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஒரு நீள அறை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, ஒரு டேப் ரிக்கார்டர், இடுப்பில் மாட்டிக்கொண்டு நின்றால் உடம்பையே உலுக்கும் ஒரு பெல்ட் மெஷின். முப்பது பெண்கள் சேர்ந்து குதித்தால் கீழே கடையில் குடங்கள் ஒன்றோடொன்று மோதும். கடைக்காரர் மாடிப்படியில் ஏறி வந்து, "மேடம், கொஞ்சம் மெதுவா குதிக்கச் சொல்லுங்க, அண்டா உருளுது" என்பார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். முப்பது பேர் குதித்தாலும் அண்டாவை உருட்டியது நான்தான் என்பது என் தீர்மானம்.

ஆறு மாதம் போனேன். மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. என் உடம்பு இம்மியும் அசையவில்லை. ஆனால் எல்லா அசைவுகளும் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. அப்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கொடி மாதிரிப் பெண் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். நிலையத்தின் உரிமையாளர் மாலினி மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ராஜி, அந்த ஏழு மணி பேட்ச்சை நீ எடுக்கறியா?"

"நானா? மேடம், என்னைக் கொஞ்சம் பாருங்க."

"பார்த்துட்டுதான் கேக்கறேன். கடைசிப் பாட்டு வரைக்கும் மூச்சு வாங்காம நிக்கறது அந்த ரூம்ல நீ ஒருத்திதான். மூணு மாசம் அடையாறுல ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்பறேன். கத்துக்கிட்டு வா."

அந்த மூன்று மாதத்தை மூன்று வார்த்தையில் சொல்லிவிடலாம்: எலும்பு, தசை, நாடி. இதில் நாடிதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

முதல் வகுப்பைச் சொல்வதற்கு முன்னால் என் தையல்காரரைச் சொல்ல வேண்டும். ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பாஷா பாய் என்று ஒருவர். ஜாக்கெட், சுடிதார் எல்லாம் அவரிடம்தான். ஆண் தையல்காரர் பெண்களை அளவெடுக்கிற வழக்கம் அங்கே கிடையாது. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் அளவு ஜாக்கெட். நான் பாயிடம் கொடுத்துவைத்திருந்தது கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது போட்டது. ஊதா நிறம். ஏழு வருடமாக அதே அளவில் தைக்கச் சொல்லி, ஓரத்தில் விட்ட தையலையெல்லாம் முதல் நாளே பிரித்துவிட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்துப் போட்டுக்கொள்வேன்.

"யம்மா, இது உனுக்குப் பத்தாது. பிரிக்கறதுக்கு உள்ள துணியே இல்ல. வேற அளவு குடேன்" என்பார் பாய்.

"தைங்க பாய். நான் இளைக்கப் போறேன்."

"ஏழு வருசமா இதத்தான் சொல்லிக்கினு கீற நீ" என்று முனகிக்கொண்டே தைப்பார்.

முதல் வகுப்புக்கென்று அந்த அளவிலேயே ஒரு பச்சை சுடிதார் தைத்துக்கொண்டேன். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டி, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு போய் நின்றேன். மஸ்கட் போனவள் எப்போதும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பாள். என்னால் ஒரு மணி நேரம் அந்தக் கண்ணாடியைப் பார்க்க முடியாது. அதனால் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, வகுப்பைப் பார்த்து நின்றுகொண்டேன். அப்படி நின்றால் எல்லாம் தலைகீழ். நான் இடது கையைத் தூக்கிக்கொண்டு வலது என்று சொல்ல வேண்டும். அதை ராத்திரியெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்திருந்தேன்.

பின்வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்தில் நின்றவளிடம், "டீச்சரே இப்படி இருந்தா நாம எங்கடி குறையறது?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும் மைக் வைத்துச் சொன்ன மாதிரி கேட்டது.

பாட்டைப் போட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினேன். டர்ர்ர்! வலது அக்குளில் தையல் விட்டுப்போனது. சட்டென்று முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த ஒரு மணி நேரமும் ஒரு கை மட்டும் வீசியது, இன்னொன்று ஒட்டியபடியே இருந்தது. பாதி வகுப்பில் நிமிர்ந்து பார்த்தால் முப்பது பேரும் ஒரு முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு பயபக்தியோடு குதித்துக்கொண்டிருக்கிறார்கள்! சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. முடிந்ததும் ஒருத்தி வந்து, "அந்த ஒத்தைக் கை ஸ்டெப் எந்த இடத்துல குறையறதுக்கு மாஸ்டர்?" என்று கேட்டாள். "பக்கவாட்டுக்கு" என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து நான் கையைத் தோளுக்கு மேல் தூக்கியதில்லை. என் வகுப்பின் அசைவுகள் எல்லாமே தோள் உயரத்தோடு நின்றுவிடும்.

மாலினி மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பது வயது இருக்கும். அடையாறிலிருந்து ஸ்கூட்டரில் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வந்து, ட்ராக் சூட்டுக்கு மாறுவார். யாரையும் பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு அட்டை. மாதம் முதல் தேதி இடுப்பு, தொடை, மேல்கை என்று அளந்து எழுதுவார். டேப்பைச் சுற்றியதும் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். மேடம் டேப்பைப் பிடித்தபடி அப்படியே நிற்பார். "மூச்சை விடுங்க. நான் காத்திருக்கேன்" என்பார். எவ்வளவு நேரம்தான் பிடிப்பது? விட்ட பிறகு வருகிற எண்ணைத்தான் எழுதுவார். வேலைக்குச் சேர்ந்ததும் எனக்கும் ஒரு அட்டை போட்டுவிட்டார். நான் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை.

டேப்புக்குக் கூச்சப்பட்டுச் சில பெண்கள் முதல் தேதி மட்டும் வராமல் இருந்தார்கள். அவர்களுக்காக நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "டேப் வேண்டாம், உங்க அளவு ஜாக்கெட்டைக் கொண்டாங்க" என்றேன். உடை மாற்றும் அறையில் அதைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் கிள்ளிப் பார்த்தால் எத்தனை தையல் பிடிக்கலாம் என்று தெரிந்துவிடும். ஜாக்கெட்டின் ஓரத்தில் ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக மூன்று நான்கு தையல் போட்டிருப்பார்கள் இல்லையா, அதுதான் கணக்கு. ஒரு தையல் குறைந்தது, ஒன்றரை குறைந்தது என்று அட்டையில் எழுதுவேன். மேடம் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவரே, "ராஜி, அவங்களுக்கு எத்தனை தையல்?" என்று கேட்கத் தொடங்கினார். ஊருக்கெல்லாம் உண்மையான அளவு ஜாக்கெட் கொண்டுவரச் சொன்னவள் நான். என்னுடையது பாயிடம் ஊதா நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆடி முடிந்த சமயம் மயிலாப்பூரிலிருந்து வைதேகி மாமி வந்து சேர்ந்தார். பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர். நாற்பத்தெட்டு வயது, என் சுற்றளவு. தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்.

"வீடியோ எடுக்கப் போறா ராஜி. சம்பந்தியாத்துல எல்லாரும் ஒல்லி. நான் மட்டும் பந்தக்கால் மாதிரி நிக்கப்படாது, பாத்துக்கோ" என்றார்.

"பந்தக்கால் ஒல்லிதானே மாமி?"

"அப்போ பந்தல் மாதிரின்னு வெச்சுக்கோ, போடீ!"

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வாரம் மூன்று நாள் வருவார். முதல் மாதம் அரைத் தையல் குறைந்தது. புரட்டாசியில் ஒன்றரை. ஐப்பசியில் இரண்டரை. உடை மாற்றும் அறையே கைதட்டியது. கார்த்திகையில் மூன்றரைத் தையல்! மாடிப்படியில் அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. அதில் மாமியின் படத்தை ஒட்டப் போவதாக மேடம் சொன்னார். யாரையும் பாராட்டாத மேடம்!

வகுப்பைப் பார்த்தபடி நான் நின்றதால் எனக்கு மட்டும் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. கையை முன்னால் நீட்டும்போது மாமியின் விரல்கள் லேசாக நடுங்கின. கார்த்திகைக் குளிரில் எல்லோரும் மின்விசிறியைக் குறைக்கச் சொன்னால், அவர் அதற்கு நேர் கீழே போய் நின்றார். ஒருநாள், "இப்பல்லாம் என்ன பசி பசிக்கறதுங்கறே! கார்த்தால நாலு தோசை, நடுவுல ரெண்டு வாழைப்பழம். அப்படியும் இளைச்சுண்டே வரேன் பாரு. எல்லாம் உன் கைராசி" என்றார்.

நாலு தோசை! எனக்கு அங்கேதான் நெருடியது. நான் நாலு தோசை சாப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் உடை மாற்றும் அறையில் மெதுவாகச் சொன்னேன். "மாமி, எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன். இவ்வளவு வேகமா குறையக்கூடாது."

அவர் முகம் மாறிவிட்டது. "நேக்கு என்னடி வியாதி? எல்லாரும் நன்னா இருக்கேன்னு சொல்றா, நீ மட்டும் சீக்குங்கறே. நோக்குக் குறையலைங்கறதுக்காக நேக்கும் குறையப்படாதா?"

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு அழுகை வந்திருக்காது. எனக்குப் பொறாமை இருந்தது. அவருடைய தளர்ந்த ஜாக்கெட்டைக் கிள்ளிப் பிடித்தபோதெல்லாம் என் வயிறு எரிந்தது நிஜம். அந்த எரிச்சலைத்தான் அக்கறை என்று நினைத்துக்கொள்கிறேனோ? இந்தச் சந்தேகத்தில் அடுத்த இரண்டு வகுப்பிலும் மாமியின் உடம்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு வகுப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

மூன்றாவது வகுப்பில் பாதியில் மின்சாரம் போனது. பாட்டு நின்றால் நான் குரல் கொடுத்து எண்ணுவேன். "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தபோதே மாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமில்லை, புழுக்கம்" என்றார். எல்லோரையும் நிறுத்தி நாடி பார்க்கச் சொன்னேன். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்க வேண்டும், அதுதான் வழக்கம். பத்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகு மற்றவர்களுக்குப் பதிமூன்று, பதினாலு என்று இறங்கிவிட்டது. மாமியின் மணிக்கட்டை நான் பிடித்தேன். பத்து நொடியில் இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்று. உட்கார்ந்த இடத்தில் அந்த நெஞ்சு இன்னும் குதித்துக்கொண்டிருந்தது.

நேரே மேடத்தின் அறைக்குப் போனேன். மேஜையில் பலகையில் ஒட்டுவதற்கான மாமியின் படம் இருந்தது.

"மேடம், மாமி இளைக்கறது நம்ம வகுப்பால இல்லை. உடம்புக்கு ஏதோ இருக்கு. அவங்களை நிறுத்தணும்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "நம்ம வகுப்புல உடம்பு குறையாதுன்னு சொல்றியா? அதுவும் என்கிட்டயே?"

அட்டைப் பெட்டியைத் திறந்து என் அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஒரே எண்கள். அதை நானாக யாருக்கும் காட்டியது அதுதான் முதல் தடவை.

"மாமி வாரத்துக்கு மூணு வகுப்பு வராங்க. நான் ஒரு நாளைக்கு மூணு எடுக்கறேன். அதே குதி, அதே பாட்டு. எனக்கு அரைத் தையல்கூடக் குறையல. அவங்களுக்கு நாலு மாசத்துல மூணரை. அதுவும் நாலு தோசை சாப்பிட்டுக்கிட்டு. இந்தக் குதிக்கு அவ்வளவு சக்தி இருந்தா மேடம், முதல்ல என்னையில்ல இளைக்க வெச்சிருக்கணும்?"

மேடம் அட்டையின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை ஓட்டிப் பார்த்தார். எழுந்து வெளியே போய் மாமிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழுசாக ஒரு நிமிடம் நாடி பார்த்தார். பிறகு அறைக்குள் போய் மாமியின் அட்டையை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு மாமியிடம் திரும்பி வந்தார்.

"டாக்டர் சீட்டு கொண்டு வாங்க. அப்புறம்தான் இந்த அட்டை வெளியே வரும்."

"கல்யாணத்துக்கு ரெண்டு மாசம்கூட இல்லை மாலினி. இப்போ போய் நிறுத்தச் சொல்றேளே!"

"அதனாலதான் சொல்றேன்."

மாமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாடுகிற வாயால் திட்டியிருந்தால்கூடத் தேவலை. படியிறங்கிப் போனவர் வரவே இல்லை. தை வந்தது, போனது. கல்யாணப் பத்திரிகை எனக்கு வரவில்லை. தப்பாகச் சொல்லி ஒருத்தியின் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று தினம் நினைத்துக்கொள்வேன். மேடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பலகையில் மட்டும் வேறு யார் படத்தையும் ஒட்டவில்லை.

வைகாசியில் ஒருநாள் சாயங்காலம் வகுப்பு முடிந்து தரை விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ, "டீ ராஜி!" என்றார்கள். திரும்பினால் வைதேகி மாமி! கன்னமெல்லாம் உப்பி, பழைய சுற்றளவோடு, கையில் ஒரு துணிப்பையோடு நிற்கிறார். பைக்குள்ளிருந்து அளவு ஜாக்கெட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"பாருடீ, பிடிச்ச தையல் பூரா பிரிச்சாச்சு! ஒண்ணு பாக்கியில்லை!"

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்திருக்கிறது. அந்தப் பசி, நடுக்கம், இளைத்தது எல்லாம் அதனால்தான். அன்று கோபத்தோடு வீட்டுக்குப் போனவர், மறுநாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே முடியாமல்தான் டாக்டரிடம் போயிருக்கிறார். மாத்திரையோடு கல்யாணம் நடந்து முடிந்தது.

"இப்படியே குதிச்சுண்டிருந்தா ஹார்ட்டு தாங்கியிருக்காதுன்னுட்டார் டாக்டர். யார் கண்டுபிடிச்சான்னு கேட்டார். எங்க ட்ரில் மாஸ்டர், கொஞ்சம் பூசினாப்ல இருப்பாள்னு சொன்னேன்." சிரித்துவிட்டுத் துணிப்பையின் காதைத் திருகினார். "அன்னிக்கு நான் வாய் தவறி... அந்த வெக்கத்துலதான் பத்திரிகை வைக்கக்கூட வரலைடீ."

"விடுங்க மாமி. நீங்க சொன்னதும் பாதி நிஜம்தான்."

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் மேல்கையில் சட்டைக்கையை இழுத்துப் பார்த்தார். துணி அழுத்திய இடத்தில் வளையம் போலச் சிவந்த தடம்.

"இது என்னடி, கட்டு போட்ட மாதிரி? ரத்தம் எப்படி ஓடும்? யாரோட அளவு இது?"

அன்றைக்கே ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் புகுந்து பாயின் கடைக்குப் போனேன். டேப்பைக் கேட்டு வாங்கினேன். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். நானே சுற்றி, பழக்கத்தில் வயிற்றை எக்கி, மாலினி மேடம் எதிரில் நிற்பது போல் காத்திருந்து, மூச்சை விட்டேன். வந்த எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். மார்பு, இடுப்பு, மேல்கை என்று ஒவ்வொன்றாக. பாய் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, அப்ப இத்தினி வருசமா நான் யாருக்குத் தச்சிக்கினு இருந்தேன்?"

"தெரியலையே பாய்" என்றேன். கண் கலங்கிவிட்டது. அவர் பதறிப்போய் அந்த ஊதா ஜாக்கெட்டை எடுத்து, "இது வோணுமா, எட்த்துக்கினு போறியா?" என்றார்.

"வேண்டாம். மெஷின் எண்ணெய் துடைக்க வெச்சுக்கங்க."

புது சுடிதார் வெள்ளிக்கிழமை வந்தது. அன்று ஏழு மணி வகுப்பில் பாட்டைப் போட்டேன். இரண்டு கையையும் காதோடு ஒட்டி, விரல் நுனி வரை மேலே தூக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. முப்பது பேரும் தூக்கினார்கள். முதல் நாள் என்னைப் பற்றிக் கிசுகிசுத்த பின்வரிசை அம்மாள் கையைத் தூக்கியபடியே கேட்டாள்.

"மாஸ்டர், இது புது ஸ்டெப்பா?"

"ஆமாங்க" என்றேன். "புதுசுதான்."